திருவிழாவும் திருத்துழாய் மாடமும்

சித்திரை மாதம் இருபது நாள் கடந்ததும் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் மே மாதம் 4-ஆம் நாள் முதல் 28-ஆம் நாள் வரை காயும் இக்கத்தரி வெயிலில் கிணறு அடி காண்கிறது. தெருக்குழாய் இரண்டு குடத்தோடு நின்றுவிடுகிறது. கொல்லைப்புறத்து மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. திவ்யதேசங்கள் பலவற்றில் உற்சவங்கள் களைகட்டுவதும் இந்த நாட்களை ஒட்டியே ஆகும். சித்திரா பௌர்ணமியில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளுகிறார். திருவரங்கத்தில் நம்பெருமாளுக்குக் கோடைத் திருநாள் நடைபெறுகிறது. வைகாசியில் காஞ்சிப் பேரருளாளன் கருடன்மீது ஆரோகணித்துக் கோபுர வாசலைக் கடக்கும் சேவைக்காக விடியுமுன்னரே வீதிகள் நிரம்பிவிடுகின்றன. ஆக, மண் மிக வறண்டிருக்கும் நாட்களில்தான் அடியார்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பயணம் புறப்படுகின்றனர்.

அவ்வாறு புறப்படும் வேளையில் பல இல்லங்களில் நிகழ்வது ஒன்று உண்டு. மூட்டை கட்டியாயிற்று, பால்காரரிடம் சொல்லியாயிற்று, பூட்டை இழுத்துப் பார்த்தாயிற்று. கடைசியாக ஒருமுறை கொல்லைப்புறம் சென்ற இல்லத்தரசி துளசி மாடத்தின்முன் நின்றுவிடுகிறாள். ஒரு செம்பு நீர் வார்க்கிறாள். அந்நீர் மறுநாள் பிற்பகலுக்குக்கூடக் காணாது என்பதை அவள் அறிவாள். திரும்பி வர ஒன்பது நாள் ஆகும். வாசலில் வண்டி காத்திருக்கிறது. "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள்.

இச்சொல் பக்தியா, அன்றிப் பாராமுகமா? எம்பெருமானைச் சேவிக்கச் செல்பவருக்கு வீட்டில் வாடும் ஒரு செடி தடையாகலாமா? சிறு வினா போலத் தோன்றினும் இது அத்துணைச் சிறியதன்று.

முதலில் அச்செடி யார் என்பது தெளியப்பட வேண்டும். விசிஷ்டாத்வைத சித்தாந்தத்தில் தாவரம் ஜடப்பொருள் அன்று. தேவர், மனிதர், விலங்கு, தாவரம் என உடல் நால்வகைப்படினும் ஒவ்வோர் உடலுள்ளும் உறைவது ஜீவாத்மாவே. அதற்கும் அந்தர்யாமியாய் நிற்பவன் நாராயணனே. குலசேகராழ்வார் அரசாட்சியை வேண்டாது திருவேங்கட மலையில் ஒரு செண்பக மரமாய் நிற்கும் பிறவியையும் விரும்பினார் எனின், மரப்பிறவி அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை என்பது வெளிப்படை. ஆகவே மாடத்தில் நிற்பது ஓர் அலங்காரப் பொருள் என்றோ, காய்ந்தால் கடையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றோ ஒரு ஸ்ரீவைஷ்ணவர் எண்ண வழியில்லை.

அடுத்துக் கருதத்தக்கது, அச்செடி நிற்கும் இடம். நிலத்தில் ஊன்றிய வேம்புக்கும் தொட்டியில் வைத்த துளசிக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. வேம்பு வளர வளர ஈரம் இருக்கும் ஆழத்தை அதன் வேர் தேடிச் செல்கிறது. மேல்மண் வறண்டாலும் கீழ்மண் அதற்குக் கைகொடுக்கிறது. தொட்டிச் செடியின் நிலை அத்தகையதன்று. அதன் வேர் எத்திசையில் ஓடினும் ஒரு சாண் தூரத்தில் சுவரில் முட்டித் திரும்புகிறது. நாற்புறமும் வெயில் படும் சிமெண்டு மாடமாயின் சுவரின் சூடும் வேரில் இறங்குகிறது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் சென்ற இடத்தில் கிடக்கும் பூனைக்குட்டியையும் சரணாகதி விளக்கத்தில் பெரியோர் உவமை கூறுவது யாவரும் அறிந்ததே. அவ்வுவமைகளின் நுட்பம் பற்றிய வாதம் இங்கு வேண்டுவதில்லை. நிலத்து மரம் முன்னதைப் போன்றது, தொட்டிச் செடி பின்னதைப் போன்றது என்ற அளவே போதும். தானே நீர் தேடும் ஆற்றலை அச்செடியினிடமிருந்து பறித்து மாடத்துக்குள் நிறுத்தியவர் வீட்டார். பறித்தவர் எவரோ அவரே அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பது மெய்யே; ஆனால் அந்த மாடத்தைப் பொறுத்தவரை அவர் பார்த்துக்கொள்ளும் கை வீட்டாருடைய கையாகத்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதனைத் தள்ளிவிட்டுப் போவது முறையன்று. விஷ்ணு புராணம் கூறும் ஜடபரதர் வரலாறே அது. அரசைத் துறந்து சாளக்கிராம க்ஷேத்திரத்தில் தவம் புரிந்த பரதர், சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அஞ்சித் தாவிய பெண்மான் ஈன்று ஆற்றில் விட்ட குட்டியை எடுத்து வளர்த்தார். நாளடைவில் அவர் சித்தம் முழுவதும் அக்குட்டியிடமே சென்றது. மேயச் சென்றது திரும்பவில்லையே, புலி அடித்திருக்குமோ, ஓநாய் கடித்திருக்குமோ என்று தவித்தார். இறுதி மூச்சிலும் மானையே நினைத்தமையால் மானாகவே பிறந்தார். மான்குட்டியால் ஒரு ராஜரிஷி வீழ்ந்தார் எனில், துளசிச் செடியின் கவலையால் யாத்திரையை நிறுத்துபவர் எங்ஙனம் உய்வார்?

கேள்வி கூர்மையானதே. எனினும் புராணத்தை ஊன்றி நோக்கினால் பரதர் பிழைபட்டது ஆற்றிலிருந்து குட்டியை எடுத்த இடத்தில் அன்று என்பது புலனாகும். எடுக்காமல் விட்டிருந்தால் அவரைத் தவசி என்று அழைக்கவே நாக்கூசும். 'என்னுடையது' என்னும் எண்ணம் புகுந்து, நாள்தோறும் செய்துவந்த ஆராதனம் தளர்ந்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது. காத்தல் குற்றமாகாது, மமதையே குற்றம். துளசி விஷயத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது மானைக் காட்டிலும் எளிது. ஏனெனில் அச்செடி தொடக்கத்திலேயே வீட்டாருடையதன்று. அதன் இலை எவன் திருவடிக்கு என்பது நட்ட அன்றே தீர்மானமாயிற்று. பிறர் சொத்தைக் காவல் காப்பவன் அதன்மீது உரிமை கொண்டாடுவதில்லை. அதற்காகக் காவலைக் கைவிடுவதும் இல்லை.

இங்கு அர்ச்சாவதாரத்தின் பெருமையைச் சிறிது நினைத்தல் வேண்டும். பரமபதத்தில் எவர் துணையும் வேண்டாது விளங்கும் எம்பெருமான், திருக்கோயிலில் அடியார் கைப்பட்டவனாய் நிற்கிறான். அவர்கள் நீராட்டும்போது நீராடுகிறான். அமுது செய்விக்கும்போது அமுது செய்கிறான். மறந்தால் வாய் திறந்து கேட்பதில்லை. பேரருளாளனுக்கு வெப்பம் உண்டோ இல்லையோ என்று திருக்கச்சி நம்பிகள் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. திருவாலவட்டம் எடுத்து வீசினார். அவரே பூவிருந்தவல்லியில் மலர்த்தோட்டம் வைத்திருந்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று. எம்பெருமானாரோ காஞ்சியில் இருந்த நாளில் சாலைக் கிணற்றிலிருந்து தினந்தோறும் திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் சுமந்தார். கேளாதவனின் தேவையைக் கேளாமலே அறிந்து செய்வதே அர்ச்சா மூர்த்திக்குச் செய்யும் கைங்கரியத்தின் உயிர்நாடி. மாடத்துத் துளசியும் கேளாது. வாடி நிற்கும், அவ்வளவே. வீட்டில் அதைக் கண்டும் காணாமல் கதவைச் சாத்தியவர், சந்நிதியில் எம்பெருமானின் திருமேனி வாட்டத்தை நினைந்து உருகுவதாகச் சொன்னால் அவ்வுருக்கத்தில் ஏதோ ஒன்று குறைகிறது.

பெரியாழ்வாருக்குக் கோதை கிடைத்தது ஆடிப் பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தின் துளசிப் பாத்தியில் என்பதை அனைவரும் அறிவர். ஆடிக்கு முன் சித்திரை, வைகாசி, ஆனி எனக் கோடை மாதங்கள் மூன்று உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அம்மூன்று மாதமும் பட்டர்பிரான் பாத்திக்கு நீர் சுமந்திராவிடில் ஆடியில் அங்கே துளசி ஏது, அதனடியில் குழந்தையைக் காண அவர் குனிவது ஏது?

நீர் போதிய அளவில் உள்ள வீட்டில் இவையெல்லாம் எளிது. மனிதருக்கே நீர் இல்லாதபோது என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த மக்களின் கண்முன்னே ஒரு வீட்டார் செடிக்கு நீர் பாய்ச்சினால் அதனைத் தருமம் என்று எவர் ஒப்புவர்?

திருமலை நம்பியின் வரலாறு இவ்விடத்தில் வழிகாட்டுகிறது. திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்திற்காக அவர் நெடுந்தொலைவிலிருந்த பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் தீர்த்தக் குடம் சுமந்து வந்தார். ஒருநாள் வேடன் ஒருவன் வழிமறித்துத் தாகத்திற்கு நீர் கேட்டான். பெருமாளுக்குரிய தீர்த்தத்தைத் தர இயலாது என்று நம்பிகள் மறுத்தார். வேடன் பின்தொடர்ந்து அம்பெய்து குடத்தைத் துளைத்து, ஒழுகிய நீரைப் பருகினான். கைங்கரியம் கெட்டதே என்று கலங்கியவரை அவன் தாதா என விளித்து, மலைமீது அம்பு தொடுத்து ஆகாசகங்கையைத் தோற்றுவித்தான். வேடனாய் வந்தவன் எவன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. திருமலையில் இன்றளவும் இந்நிகழ்ச்சி தண்ணீரமுது உற்சவமாகக் கொண்டாடப்படுகிறது. நம்பிகள் செய்தது பிழை என்று கூற எவருக்கும் நாவெழாது. அவர் தம் கடமையில் உறுதியாக நின்றார். ஆனால் தாகித்த வாய்க்கும் திருமஞ்சனக் குடத்திற்கும் இடையே தான் எங்கே நின்றான் என்பதை எம்பெருமானே அன்று காட்டியருளினான். அவன் நின்றது தாகத்தின் பக்கம்.

ஆகவே குடிக்கும் நீரில் செடிக்குப் பங்கு கேட்பது தகாது. முதற்பங்கு தாகித்த மனிதருக்கு. முற்றத்தில் ஒரு சட்டி நீர் காக்கை, குருவிகளுக்கு. செடிக்கு வேறு நீர் உண்டு. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் பெரும்பாலான வீடுகளில் சாக்கடைக்கே போகின்றன. துளசிக்குக் கழுநீரா என்று முகம் சுளிக்கும் ஆசாரசீலர்கள் உளர். உண்ட பாத்திரம் அலம்பிய எச்சில் நீர் கூடாது என்பது சரியே. சோப்பு கலந்த நீர் செடிக்கும் ஆகாது. பெருமாளுக்கு அமுதாகப் போகும் அரிசியை உண்ணுமுன் களைந்த நீரில் எச்சில் எங்கிருந்து வந்தது? இந்த அளவுக்குச் சுத்தம் பார்த்து, இறுதியில் காய்ந்த குச்சியை வலம் வருவதில் பயனில்லை.

நீர் மேலும் குறைந்தால் எதை விட்டு எதைக் காப்பது என்ற தெரிவும் நேரும். வேரூன்றிய பெருமரம் சில வாரம் தாங்கும். இவ்வாண்டு நட்ட கன்று தாங்காது. தொட்டிச் செடி இரண்டு நாள்கூடத் தாங்காது. மிகுதியாகச் சார்ந்திருப்பதற்கே முன்னுரிமை என்பதே நேரிய வழி. வாசலில் பெருமைக்காக விரித்த புல்வெளி இவ்வரிசையில் கடைசி; அது கருகினால் கருகட்டும். உண்மையில், தாங்க இயலாத அளவு செடிகளைப் பங்குனி வெயிலில் வாங்கி வந்து நிரப்புவதே முதற்பிழை. புதிதாக நடுவதற்கு ஆடி முதல் ஐப்பசி வரை காலம் இருக்கிறது. காக்க முடிந்த அளவே ஏற்றுக்கொள்வதும் அருளுடைமையின் ஒரு பகுதியே.

எம்பெருமான் உகக்கும் எட்டுப் பூக்களை எண்ணிய பெரியோர் அஹிம்சை, இந்திரிய நிக்ரஹம் இவற்றோடு எல்லா உயிர்களிடத்தும் தயை என்பதையும் ஒரு பூவாகச் சேர்த்தனர். ஆனால் தயை இருந்தும் அறிவில்லையேல் அதுவே தீங்காய் முடிவதும் தோட்டத்தில்தான் நன்கு விளங்கும். நடுப்பகலில் துளசியின் இலை தொங்குவதைக் கண்டதும் மனம் பதறிக் குடம் குடமாக ஊற்றுவார் உளர். கடும் வெயிலில் வேர் உறிஞ்சும் நீரினும் இலை இழக்கும் நீர் மிகும்போது இலை தளர்கிறது. பொழுது சாய்ந்ததும் பல வேளைகளில் தானே நிமிர்ந்துவிடும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலும் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்றின்றி அழுகும். அழுகிய வேரால் நீர் உறிஞ்ச இயலாமையால் இலை மறுபடியும் வாடும். அதைக் கண்டு இன்னும் ஊற்றுவர். இவ்வாறு அன்பினாலேயே மாண்ட துளசிகள் ஏராளம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செலுத்திப் பார்த்தால் தாகமா, வெயிலின் களைப்பா என்பது தெரிந்துவிடும்.

விடியற்காலையில் வார்ப்பது சிறப்பு, தவறினால் மாலை. நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே பரவி வெயிலில் வெந்துபோகும். நிலத்துச் செடிகளுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழ நனைய விட்டால் வேரும் ஆழம் தேடும். தூரைச் சுற்றி, தண்டை ஒட்டாமல், காய்ந்த சருகையோ வைக்கோலையோ இரண்டு மூன்று அங்குல கனத்தில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். தேங்காய் மட்டைகளைக் குழிவுப்புறம் மேல்நோக்கித் தென்னம்பாத்தியில் புதைப்பது பழைய வழக்கம். மட்டை நீரைக் குடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. துளசி கதிர் விட்டு விதை முற்றினால் செடியின் வலிமை அங்கே செலவாகும். கதிரை இளமையிலேயே கிள்ளிவிட்டால் செடிக்கு இளைப்பாறுதல், கிள்ளிய மஞ்சரியோ அர்ச்சனைக்கு உகந்தது. கோடை எல்லாச் செடிக்கும் பகையன்று என்பதையும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் கவாத்து செய்த மல்லிகை பங்குனியில் பூக்கத் தொடங்கி, இந்த வெயிலில்தான் கொத்துக் கொத்தாய் மலர்கிறது.

இனிப் பயணம் புறப்படுவோர் செய்யத்தக்கது. சிறு தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி, பிற்பகல் வெயில் படாத சுவரோரம் வைக்கலாம். பாத்தியில் பூச்சில்லாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், சுற்றுமண் உலர உலரப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குச் சேரும். மாடத்துக்கு அதுவும் இயலாதெனில், பக்கத்தில் சற்று உயரமாக ஒரு நீர்ப்பாத்திரம் வைத்து, பழைய வேட்டிக் கிழிசலைத் திரியாக முறுக்கி ஒரு முனையை நீரிலும் மறுமுனையை மண்ணிலும் புதைக்கலாம். ஒன்பது நாளும் அது தாங்குமா என்பது பாத்திரத்தின் அளவையும் வெயிலையும் பொறுத்தது. முன்னதாகவே இரண்டு நாள் வைத்துச் சோதித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றினும் எளியது அண்டை வீட்டாரிடம் ஒரு செம்பைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போவது. இதில் சிலருக்குக் கூச்சம் உண்டு. தம் கைங்கரியத்தைப் பிறரிடம் விடலாமா என்னும் தயக்கமும் உண்டு. உடையவரின் நியமனப்படி திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வான், ஏரி வெட்டும்போது உதவிக்கு வந்த சிறுவனைக்கூடப் பொறாது கடப்பாரையை எறிந்தார். அது பட்ட திருமுகவாயில் இன்றும் பச்சைக்கற்பூரம் சாற்றப்படுகிறது. அவரது ஈடுபாடு அத்தகையது. மற்றவர்க்கு அது எட்டாது. இல்லறத்தார் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் செம்பை ஒப்படைத்துச் செல்வதில் தவறேதும் இல்லை. அவளுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்ததாயிற்று.

இத்தனையும் செய்து, திரும்பி வரும்போது செடி வாடிக் கிடக்கலாம். உடனே வெயிலில் நிறுத்திக் குடத்தைக் கவிழ்ப்பது கூடாது. மாடமாயின் மேலே ஓலை கட்டியும், தொட்டியாயின் நிழலுக்கு நகர்த்தியும், மண் முழுவதும் நனையுமாறு மெல்ல வார்த்து, காய்ந்த நுனிகளை நறுக்கிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். தண்டை நகத்தால் சிறிது கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும் மட்டும் உயிர் இருக்கிறது. சில நாட்களில் கணுக்களில் தளிர் அரும்பும். பச்சை தெரியாவிடில், செயலும் பயனும் தன்னுடையவை அல்ல என்று அதையும் எம்பெருமானிடமே விட்டுவிடலாம். 'பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்ற சொல்லுக்கு உரிய இடம் இதுதான். வாசற்கதவைச் சாத்தும் இடம் அன்று.

கருட சேவை கண்டு திரும்பிய குடும்பத்தார் பயண மூட்டையை அவிழ்க்குமுன் கொல்லைப்புறம் செல்கின்றனர். மாடத்து மண் ஈரமாயிருக்கிறது. அடி இலைகள் சில பழுத்து உதிர்ந்துள்ளன. நுனியில் பசுமை இருக்கிறது. செம்பு மாடத்தின் விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. காஞ்சியிலிருந்து கொண்டுவந்த கோயில் இட்டலியைப் பங்கிடும்போது பெரிய துண்டு ஒன்று இலையில் மடிக்கப்பட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.